ஆம்பூருக்குப் போன காற்றுச் செடிகள்

செத்துப்போன செடிகளைப் பார்ப்பதற்காகக் கடல் தாண்டிப் போனேன் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் என் சொந்தக்காரர்கள் நம்பமாட்டார்கள். அப்போது நான் கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெரிய துரையின் கண்ணாடி வீட்டுச் செடிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அவர் தென் அமெரிக்காவிலிருந்து தருவித்து வளர்த்த காற்றுச் செடிகளில் ஒரு டஜனை, ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி நடத்திவந்த தன் சிநேகிதருக்கு அனுப்பியிருந்தார். ஒரு வருஷத்துக்குள் ஒன்பது செத்துப்போயின, மூன்றைக் காணவில்லை என்று கடுதாசி வந்தது. பெரிய துரைக்கு அது மானப் பிரச்சினை. புதிதாக ஆறு செடிகளைப் பெட்டியில் வைத்துக் கொடுத்து, "போய்க் காரணம் கண்டுபிடித்து வா" என்றார்.

இந்தச் செடி அன்னாசிக்கு ஒன்றுவிட்ட உறவு. மண் வேண்டாம், தொட்டி வேண்டாம். தன் நாட்டில் மரக்கிளையிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. வேர் பிடித்துக்கொள்ள மட்டும்தான். தண்ணீரை இலையாலேயே குடிக்கும். இலையின் மேல் சாம்பல் படிந்தாற்போல் தெரிகிற நுண்ணிய செதில்கள்தான் அதற்கு வாய். ஆட்டின் வாய்க்கும் காற்றுக்கும் தப்புகிற இந்தச் செடி ஆம்பூரில் எதற்காகச் செத்தது என்று எனக்கும் விளங்கவில்லை.

கடல் தாண்டி இந்தியக் கரைக்கு வந்ததும் மண்டபம் முகாமில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற சனங்கள் எனக்கு எதிர்த்திசையில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அதிகாரி ஒரு செடியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். "மண்ணே இல்லையே, இது செடியா?" என்றார். "செடிதான், ஐயா" என்றேன். "உசிர் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் முத்திரை குத்தினார். மண் இருந்திருந்தால் புகை போட்டுக் கொன்றிருப்பார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஆம்பூரில் இறங்கினேன். பங்குனிக் கடைசி. கண்டியில் அந்நேரம் சால்வை வேண்டும். இங்கே ஸ்டேஷன் கம்பியைத் தொட முடியவில்லை. பாஷா என்கிற ஜட்காக்காரர் ஏற்றிக்கொண்டார். என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நீங்க மலையாளமா சாமி?" என்றார். இல்லை, யாழ்ப்பாணம் என்றேன். அது எந்த ஜில்லா என்று கேட்டார்.

டேனரிகளுக்குத் தோல் ஏற்றிப் போகிற மாட்டு வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. உப்புப் போட்ட பச்சைத் தோல். வண்டியின் பின்பலகையிலிருந்து சொட்டிக்கொண்டே போயிற்று. அவற்றைச் சுற்றிப் போக ஜட்காவை ஓரம் கட்டியபோது கடையாணி கழன்று சக்கரம் ஒரு பக்கம் ஓடிப்போனது. நான் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி சாக்கடையோரம் விழுந்தேன். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கை உரிந்துவிட்டது. "இந்த வண்டியால ஜாஸ்தி பேஜார் சாமி" என்று பாஷா சக்கரத்தின் பின்னால் நடந்தார். மிச்சத் தூரத்தை நானும் நடந்தேன். வழியில் ஒரு கடையில் பிரியாணியும் கத்திரிக்காய்க் குழம்பும் தின்றேன். தேங்காய்ப்பால் இல்லாமல் சமைத்த கறி இத்தனை ருசியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பயணத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அது ஒன்றைத்தான்.

பெரிய துரையின் சிநேகிதரான ஆம்பூர்த் துரை மரியாதையான மனிதர். துரைசானி ஊட்டிக்குப் போயிருந்தார். வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் செத்தவற்றைக் காட்டினார். தேக்குப் பலகைகளில் கட்டியபடியே காய்ந்திருந்தன. "மிச்சம் மூன்றையும் குரங்கு தூக்கிப் போயிருக்கும்" என்று இங்கிலீஷில் சொன்னார். "உங்கள் முதலாளி சரியாகக் கட்டி அனுப்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்."

செம்புக் கம்பியால் கட்டியிருந்ததைப் பார்த்ததும் காரணம் அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். செம்பு இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு ஆகாது. ஆனால் சணல் கயிற்றில் தொங்கியவையும் செத்திருந்தன.

மறுநாள் காலை வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன். இலைகளின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பும் கசப்பும். அந்தச் செதில்கள் எல்லாம் அடைபட்டு, தண்ணீர் ஊற்ற ஊற்றச் செடி தாகத்தில் செத்திருக்கிறது.

செடிகளுக்குத் தண்ணீர் தெளித்து வந்தவள் எஸ்தர். முப்பது வயசு இருக்கும். பங்களாவில் பெருக்கித் துடைக்கிற வேலை. புருஷன் யாக்கோபு அதே துரையின் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவன். அவளைக் கூப்பிட்டேன்.

"இதுக்குத் தண்ணி எங்கையிருந்து எடுக்கிறனி?"

"பின்னால கிணத்துலதாங்க ஐயா."

"துரை குடிக்கிறதும் அதுதானோ?"

"இல்லீங்க. அவருக்கு ஆத்து மணல்ல தோண்டுன ஊத்துல மொண்டு வண்டியில பீப்பா வருது. கிணத்துத் தண்ணி செடிக்கும் எங்களுக்கும்."

கிணற்றடிக்குப் போனேன். பங்களாத் தோட்டத்துக்கும் டேனரிச் சுவருக்கும் நடுவே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தோல் கழுவுகிற தொட்டிகள். சுவருக்கு இந்தப் பக்கம் வேலைக்காரர்களின் வீடுகள், எங்கள் தோட்டத்து லயங்களைப் போலவே ஒரே கூரையின் கீழ் வரிசையாக. பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஒரு கை மொண்டு குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை.

யாழ்ப்பாணத்தான் தண்ணீரைப் பற்றி யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆறில்லாத ஊர், எல்லாமே கிணறு. நல்ல தண்ணி எது, உவர்த் தண்ணி எது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் நாக்கு சொல்லும். எங்கள் வளவில் இருந்தது நல்ல தண்ணிக் கிணறு. அதன் பக்கம் வரக்கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சில சனங்கள் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது அள்ளி ஊற்றட்டும் என்று நிற்பார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன். வேலை இருந்தால் காணாததுபோல் போயும் இருக்கிறேன். ஆம்பூர்க் கிணற்றடியில் அது நினைவுக்கு வந்தது, வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு பீங்கான் தட்டுகளில் ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் ஊற்றுத் தண்ணீரும் ஊற்றி வெயிலில் வைத்தேன். எஸ்தர் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானு அப்பவே சொன்னேங்க" என்றாள். "இந்தத் தண்ணி பட்டா இலை வெளுக்குதுன்னு. உனக்கு இன்னா தெரியும்னு துரைசானி அம்மா கேட்டாங்க. அப்புறம் வாயத் தொறக்கல."

"உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

அவள் பெருக்கப் போய்விட்டாள். மதியம், வேலை முடிந்து போகிறபோது, "வாங்க ஐயா, ஒண்ணு காட்டறேன்" என்றாள்.

அவள் வீடு வரிசையில் கடைசி. பின்பக்கம் ஒரு வேப்பமரம். கை எட்டுகிற கிளையில் தேங்காய் நாரால் கட்டி மூன்று செடிகள் இருந்தன. காணாமற்போன மூன்று. சாம்பல் நிறம் மங்காமல், நுனி கருகாமல், கண்டியில் எங்கள் கண்ணாடி வீட்டில் இருப்பவற்றைவிடத் திடமாக இருந்தன. நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இந்த வெயிலில், இந்தத் தூசியில் இது எப்படி என்று கேட்டேன்.

"ஊத்துத் தண்ணிங்க. விடிகாலையில ஆத்துக்குப் போய் எடுத்துகினு வர்றேன், எம் பொண்ணுக்கு. அதுல இதுங்களுக்கு ஒரு கை. பொழுது சாய்ஞ்சப்புறம்தான் நனைப்பேன். நனைச்சிட்டு தலைகீழா கவுத்துத் தொங்க விட்டுடுவேன். நடுவுல தண்ணி நின்னா அழுகிடுது. குடிக்கணும், அப்புறம் காத்துல காயணும். அவ்ளோதாங்க."

நான் மூன்று வருஷம் புத்தகம் பார்த்தும் பெரிய துரையிடம் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டதை அவள் நான்கு வரியில் சொல்லிவிட்டாள். ஆறு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். போய் வர இரண்டு மைல் என்றாள். முன்பே அங்கிருந்து எடுத்திருக்கலாமே என்றேன். அது கேட்கக்கூடாத கேள்வி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"முன்ன தெரியாதுங்களே" என்றாள். "எனக்கு ஒரு புள்ள இருந்தான். ஒன்றரை வயசு. போன வருஷம் இதே மாசம் அவனுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. தாகம் தாகம்னு அழுதான். கிணத்துத் தண்ணிதான் கொடுத்தேன், கொடுக்கக் கொடுக்க ஜாஸ்தியாச்சு. பங்களாவுல செடிங்க அதே மாசம் வரிசையா வெளுத்துப் போய்க்கினே இருந்துது. அவன் போனப்புறம் வேலைக்குப் போயி அதுங்களைப் பாத்தேன். மூணு மிச்சம் இருந்துது. அங்கியே வுட மனசு வரல. முந்தானையில போட்டு எடுத்தாந்துட்டேன்."

உள்ளே இருமல் கேட்டது. யாக்கோபு வெளியே வந்தான். முழங்கால் வரை சுண்ணாம்பு அரித்து வெளுத்த கால்கள். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "எதுக்கு இவரை இங்க இட்டுகினு வந்த?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"துரைகிட்ட சொல்லாதீங்க ஐயா" என்றாள் எஸ்தர். "தண்ணி கெட்டதுன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

"சொல்லமாட்டன்" என்றேன். அந்த நேரத்தில் அது உண்மைதான்.

அதற்கு அடுத்த நாள் தட்டுகள் இரண்டும் காய்ந்திருந்தன. ஊற்றுத் தண்ணீர்த் தட்டில் லேசான கறை. கிணற்றுத் தண்ணீர்த் தட்டில் வெள்ளையாக, நகத்தால் கீறினால் கோடு விழுகிற அளவுக்கு உப்பு. இரண்டையும் துரையின் மேசையில் வைத்து, நான் எழுதிய குறிப்பையும் வைத்தேன். ஓட்டுக்கூரையிலிருந்து தகரக் குழாய் போட்டுத் தொட்டியில் மழைத் தண்ணீர் பிடிக்க வேண்டும், அதுவரை ஊற்றுத் தண்ணீர், சாயங்காலம் நனைத்துத் தலைகீழாகக் காயவிட வேண்டும். எஸ்தர் சொன்னது அத்தனையும் இருந்தது, அவள் பெயர் இல்லை.

துரை தட்டைப் பார்த்தார். "இந்தப் பக்கம் எல்லாக் கிணற்றிலும் கொஞ்சம் உப்பு உண்டு. அந்த வரிசை முழுவதும் இதைத்தான் குடிக்கிறது. ஒன்றும் ஆகவில்லையே" என்றார்.

"பிள்ளைகள் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்" என்றேன்.

"பிள்ளைகள் எல்லா ஊரிலும் சாகிறார்கள். நீங்கள் செடிக்கு வந்தவர். செடியைப் பற்றிப் பேசுங்கள். பெட்டியில் வரும்போதே அவை பாதி செத்திருந்தன என்று உங்கள் முதலாளிக்கு எழுதப் போகிறேன்."

அப்படி எழுதினால் பெட்டி கட்டியவன் நான். வேலை போகும். கோபமும் வந்தது, பயமும் வந்தது. எது முந்தியது என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பாதி செத்திருந்தால் மிச்சம் மூன்றும் எப்படிப் பிழைத்தன?" என்று கேட்டுவிட்டேன். "ஆற்றுத் தண்ணீரில் அவை உயிரோடு இருக்கின்றன. நான் என் கண்ணால் பார்த்தேன்."

"எங்கே?" என்றார்.

அவர் காத்திருந்தார். கடைசியில், எஸ்தர் வீட்டு வேப்பமரத்தில் என்று சொன்னேன். அவளைப்போல இந்தச் செடியைப் புரிந்துகொண்டவர் இந்தச் சீமையிலேயே இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்படிச் சொன்னால் அவளுக்கு நல்லது நடக்கும் என்று நம்பினேன், அல்லது நம்பியதாக நினைத்துக்கொண்டேன்.

அரை மணியில் மூன்று செடிகளும் வராந்தாவுக்கு வந்துவிட்டன. இவை நான் கட்டி அனுப்பியவைதானா என்று துரை கேட்டார். ஆமாம் என்றேன். "நீங்கள் சொன்னது சரி, தண்ணீர்தான் காரணம்" என்று எனக்குக் கை கொடுத்தார். அன்று மாலையே எஸ்தரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். யாக்கோபையும் நிறுத்தினார்கள். சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி மேஸ்திரி வந்து போனார்.

நான் துரையிடம் மன்றாடினேன். அவர் கத்தவில்லை. "நன்றாக வளர்த்திருக்கிறாள், மறுக்கவில்லை. ஆனால் என் வராந்தாவிலிருந்து எடுத்தாள். இன்றைக்குச் செடி, நாளைக்கு எது? ஒருத்தியை விட்டால் வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்" என்றார். கிணற்றைப் பற்றி மறுபடி எடுத்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வேலூருக்குப் போனேன். காட்பாடியில் இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கோட்டைப் பக்கம் சுகாதார ஆபீஸ் என்று ஒன்றை விசாரித்துக் கண்டுபிடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. குமாஸ்தா வயசானவர், பொறுமையாகக் கேட்டார். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தெளிவாத்தானே இருக்குது?"

"குடிச்சுப் பாருங்கோ" என்றேன். அவர் குடிக்கவில்லை.

"நீங்க வெளியூரு, அதுவும் சிலோன். நீங்க குடுத்தா எடுக்கமாட்டாங்க. அங்க குடியிருக்கிறவங்க மனு போடணும். ஒரு பத்துப் பேராவது கைநாட்டு வெச்சு எடுத்துகினு வாங்க, மேல அனுப்பி வெக்கிறேன்."

அவரே மனுவை எழுதியும் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு அந்த வரிசைக்குப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று படித்துக் காட்டினேன். தண்ணீர் கெட்டது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஒரு பெண் தன் வீட்டில் போன இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொன்னாள். மை டப்பாவை நீட்டியபோது கையை இழுத்துக்கொண்டாள். "மூணு செடி சமாச்சாரத்துக்கே எஸ்தருக்கு இன்னா ஆச்சுன்னு பாத்தோமே" என்றாள்.

கடைசி வீட்டில் யாக்கோபு பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். "எங்கிட்ட கொடுங்க, நான் வெக்கிறேன். எனக்குத்தான் வேலை போய்டுச்சே" என்றான். கட்டைவிரலை அழுத்தினான். மை ஒட்டியதே தவிர ரேகை விழவில்லை. சுண்ணாம்பு தின்றுவிட்டிருந்தது. ஒரு கறுப்பு வட்டம் மட்டும் காகிதத்தில் இருந்தது. அந்த மனுவை நான் எங்கும் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கொத்தனார்கள் வந்து வராந்தா ஓரத்தில் தொட்டிக்குப் பள்ளம் தோண்டினார்கள். மழை வரும்வரை செடிகளுக்கு மாட்டு வண்டிப் பீப்பாயிலிருந்தே தண்ணீர் எடுக்கச் சொல்லி துரை உத்தரவு போட்டார். புதிய ஆறும் மீண்ட மூன்றுமாக ஒன்பது செடிகளையும் நான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். தோட்டத்துக்கு அப்பால் குடங்கள் கிணற்றில் மோதுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்தேன். பிளாட்பாரத்தின் மறுகோடியில் எஸ்தரும் யாக்கோபும் நின்றார்கள். நான்கு வயசுப் பெண் குழந்தை சாக்கு மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருந்தது. கோலார் தங்கச் சுரங்கத்தில் யாக்கோபின் அண்ணன் இருக்கிறானாம், அங்கே போகிறார்கள். நான் போய் நின்றேன். யாக்கோபு தலையைத் திருப்பிக்கொண்டான்.

"உனக்கு நல்லது வரும் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்" என்றேன்.

"தெரியுதுங்க" என்றாள் எஸ்தர். குழந்தையின் முகத்தில் மொய்த்த ஈயை ஓட்டினாள். "சொல்லமாட்டேன்னீங்களே ஐயா."

அவர்கள் வண்டி வருகிற சத்தம் கேட்டது. அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அந்த மூணுல பெருசு இருக்குதே, அது பூ வுடப் போவுது" என்றாள். "பூ வுட்டா தாய்ச்செடி காய ஆரம்பிச்சுடும். மரத்துல ஒண்ணு அப்படித்தான் போவுதுன்னு பயந்தேன், பாத்தா அடியில குட்டி வெச்சிருந்துது, இப்ப அதுதான் நிக்குது. பங்களாவுல அது தெரியாது. செத்துப்போச்சுன்னு பிடுங்கி எறிஞ்சிடுவாங்க. சொல்லிட்டுப் போங்க."

எனக்குத் தெரிந்த விஷயம்தான். எழுதிக் கொடுத்த குறிப்பில் அதை விட்டுவிட்டிருந்தேன். சொல்கிறேன் என்றேன். யாக்கோபு மூட்டையை ஏற்றினான், அவள் ஏறினாள், வண்டி ஜோலார்பேட்டைப் பக்கம் போயிற்று.

என் வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பங்களா ஒரு மைல்கூட இல்லை. வெளியே பாஷா ஜட்காவோடு நின்றிருந்தார், "எங்கயாவது போணுமா சாமி?" என்று கேட்கவும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை அந்தக் காலிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.